ஒரே லாட்டு

இந்த அறையின் டியூப்லைட்டை ஒரு நாள் மாற்றச் சொல்லுங்கள், மேடம். வெளிச்சத்தில் நீலம் தூக்கலாக இருக்கிறது. உங்கள் மேஜை விரிப்பு பச்சையா சாம்பலா என்று வந்ததிலிருந்து பார்க்கிறேன், பிடிபடவில்லை. குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தொழில் புத்தி, எங்கே போனாலும் கூடவே வந்துவிடுகிறது.

நான் ஆடைத் தொழிற்சாலையில் ஷேடு பார்க்கிறவள். சாயத் தொட்டியில் ஒரே தடவையாக முக்கி எடுத்த துணியெல்லாம் ஒரு லாட்டு. அடுத்த தடவை அதே சாயத்தை அதே அளவில் போட்டாலும் நிறம் ஒரு நூல் கூடும், ஒரு நூல் குறையும். ஒரு சட்டையின் உடம்பு ஒரு லாட்டிலிருந்தும் கை இன்னொரு லாட்டிலிருந்தும் வந்துவிட்டால் தைக்கிறவளுக்குத் தெரியாது, பட்டன் கட்டுகிறவளுக்குத் தெரியாது. வாங்கினவர் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிரித்துப் பார்ப்பார், கை ஒரு நிறம், உடம்பு ஒரு நிறம். அப்புறம் எங்கள் மானம் கப்பலேறும். அதனால் எந்தத் துணியையும் நான் மூன்று வெளிச்சத்தில் பார்ப்பேன். டியூப்லைட், மஞ்சள் பல்பு, கடைசியாக ஜன்னலோரம். முதல் இரண்டிலும் ஒன்றாகத் தெரிகிற துணி மூன்றாவதில் காலை வாரிவிடும். "பகல்ல பாத்தியா?" என்பதுதான் எங்கள் சூப்பர்வைசர் வாயைத் திறந்தால் கேட்கிற முதல் கேள்வி.

என் தங்கைக்கு உடம்பு சரியில்லாதபோது யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டீர்கள். நான்தான். வேறு யாரும் இல்லை, வேறு யாரையும் நான் விடவும் இல்லை.

நாங்கள் இரண்டு பேர். ஒரே அப்பா, ஒரே அம்மா. நான் அப்பாவைக் கொண்டு பிறந்தேன், நல்ல கறுப்பு. அவள் அம்மாவையும் தாண்டி ஒரு வெளுப்பு. என்னைக் கரிச்சட்டி என்பார்கள். அவள் எல்லாருக்கும் குட்டி. இரண்டு பேரையும் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு, "ஒரே அடுப்புல வெந்ததுதானா?" என்று வருகிறவர் போகிறவர் கேட்பார்கள். அம்மா சிரிப்பாள். அவர்கள் போன பிறகு என்னைக் குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போவாள்.

அம்மாவைத் தப்பாக நினைக்காதீர்கள். அழுக்கு என்றுதான் அவள் உண்மையாகவே நம்பினாள். பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்து என் கழுத்தையும் முழங்கையையும் தேய்ப்பாள். தோல் உரிந்து ரத்தம் கசியும்போது உள்ளே கொஞ்சம் வெளுப்பாகத் தெரியும். "பாத்தியா, பாத்தியா, உள்ள இருக்கு" என்பாள். அவள் முகத்தில் அப்போது வருகிற சந்தோஷத்துக்காக நான் அசையாமல் நிற்பேன். பொருக்கு கட்டி உதிர்ந்ததும் அந்த இடம் முன்னைவிடக் கறுத்திருக்கும், மறுபடியும் நார். குட்டி கதவுக்கு வெளியே நின்று ஓவென்று அழுவாள். அடிபடுகிறவள் நான், அழுகிறவள் அவள். அக்கம்பக்கத்தார் வந்து அவளைத்தான் தூக்கிச் சமாதானம் செய்வார்கள்.

ஒரு நாள் அவள் தூங்கும்போது அப்பாவின் ஷூ பாலிஷை எடுத்து அவள் முகம் முழுக்கப் பூசினேன். நெற்றி, மூக்கு, காது மடல், ஒரு இடம் விடவில்லை. அன்றைக்கே என்னிடம் வேலை சுத்தம். அம்மா பெல்ட்டால் என்னை வெளுத்தாள், அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது குட்டி செய்தது. கண்ணாடியைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "நான் அக்கா மாதிரி இருக்கேன்" என்று வீடு முழுக்கக் குதித்தாள், கழுவ விடமாட்டேன் என்று அடம் பிடித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. அது என்ன சிரிக்கிற விஷயமா? அன்று சாயங்காலம் அவள் தலையைப் பிடித்துச் சுவரில் ஒரு மோது மோதினேன். முன்பல்லில் ஒரு ஓரம் உடைந்துவிட்டது. படிக்கட்டில் விழுந்துவிட்டேன் என்று வீட்டில் சொன்னாள். நான் சொல்லச் சொல்லவில்லை, அவளாகத்தான் சொன்னாள். அந்த உடைசல் அவள் சிரிக்கும்போது அழகாகத்தான் இருக்கும். இப்போது நீங்கள் பார்க்க முடியாது.

பழைய கதை எதற்கு என்று நினைப்பீர்கள். எனக்குக் கோபம் வராது என்று தெரியவைக்கத்தான் சொல்கிறேன். நான் கத்துகிறவள் இல்லை. தொழிற்சாலையில் நூல் வெட்டுகிற ஒருத்தி, "உன் பக்கத்துல நின்னா நான்கூட சிவப்பா தெரியறேன், இங்கயே நின்னுக்கறேன்" என்று ஒரு நாள் ஜோக்கடித்தாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து என் நூல்கத்தரி அவள் உள்ளங்கையில் இறங்கி மறுபக்கம் வந்தது. கை தவறிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டேன். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் நான்தான்.

குட்டி மூக்குக்கண்ணாடிக் கடையில் முன் கவுண்டரில் இருந்தாள். அந்த முகத்தை முன்னால் வைக்காமல் பின்னாலா வைப்பார்கள்? கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை மருந்துக் கம்பெனி விற்பனைக்காரர், வாரத்தில் பாதி நாள் ஊர் ஊராகச் சுற்றுகிறவர். நல்ல மனுஷன். ஒரு ஆம்பளைக்காக அக்காவும் தங்கையும் அடித்துக்கொண்டோம் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் தூக்கிப் போடுங்கள். அவர் என் வீட்டுக்கு வந்தால் எந்த நாற்காலியில் உட்காருவார் என்றுகூட எனக்கு நினைவில்லை.

அவளுக்குக் குடலில் கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள். அதன் பிறகு கையில் ஊசியேற்றி மருந்து, வீட்டுக்கு வந்தால் மாத்திரை. என் மாடி வீடு ஆஸ்பத்திரிக்குப் பக்கம், மாப்பிள்ளைக்கு அலைச்சல் உத்தியோகம். எங்கள் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதனால் குட்டி என்னோடு வந்து இருந்தாள்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். வாந்தி வரும், வயிறு போகும், விரல் நுனி மரத்துப்போகும். "இன்னொண்ணு, பயந்துடாதீங்க. தோல் கறுக்கும். உள்ளங்கை, பாதம், நகம், சில பேருக்கு முகம், நாக்குகூட. வெயில் படக்கூடாது, பட்டா இன்னும் கறுக்கும். மருந்து நிறுத்தினா கொஞ்சம் கொஞ்சமா தானா வெளுத்துடும். கவலையே படாதீங்க." குட்டி தலையாட்டினாள். நான் கவலைப்படவில்லை. வெயில் பட்டால் இன்னும் கறுக்கும் என்பதை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டேன்.

முதலில் பார்த்தது நான். டாக்டரம்மாவுக்கு முன்னால், அவளுக்கே முன்னால். விரல் மூட்டுகளில் லேசாக ஒரு மங்கல். பிறகு உள்ளங்கை ரேகைகளை யாரோ பேனாவால் எழுதினதுபோல் கறுத்தன. நகத்தில் கோடுகள் வந்தன. மருந்து ஏற்றின நரம்பு முழங்கைவரைக்கும் ஒரு கறுத்த கோடாகத் தெரிந்தது. நாக்கில் புள்ளிகள். அப்புறம் கன்னம், நெற்றி, கண்ணைச் சுற்றி. நான் வேலை விட்டு வந்ததும் அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பேன். தைலம் தேய்த்துவிடுகிறேன் என்று அவள் நினைத்துக்கொள்வாள். தேய்க்கவும் செய்வேன்.

ஒரு நாள் அவளே தன் கையை என் கை பக்கத்தில் வைத்தாள். வாந்தி எடுத்து எடுத்துக் குரல் போயிருந்தது. "பாரு அக்கா" என்றாள், "நாம ரெண்டு பேரும் இப்ப ஒரே லாட்டு."

என் தொழில் பேச்சு அவளுக்குப் பாதி தெரியும். ஜோக்குக்குத்தான் சொன்னாள். நான் டியூப்லைட்டில் பார்த்தேன், ஒன்றாக இருந்தது. அதை அணைத்துவிட்டு மஞ்சள் பல்பைப் போட்டுப் பார்த்தேன், ஒன்றாகவே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மேடம். அவள் என் தலையைக் கோதி, "நான் செத்துடமாட்டேன், அழாத" என்றாள். அதற்காக நான் அழவில்லை.

பகலில் பார்க்கவில்லை. இந்த மொத்த விஷயத்தில் நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

அந்த மாதங்கள் என் வாழ்க்கையில் நன்றாக இருந்தவை. அவளுக்கு நடக்க முடியாமல் போனபோது தூக்கிக்கொண்டு போனேன். வாயில் புண் வந்தபோது கஞ்சியை ஆற்றி ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினேன். ஆஸ்பத்திரியில் ஒரு புது நர்ஸ் எங்களைப் பார்த்துவிட்டு, "அக்கா தங்கச்சியா? அச்சு அசல் அப்படியே இருக்கீங்க" என்றாள். பிறந்ததிலிருந்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து அந்த நர்ஸ் சொன்னதைக் குட்டியைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அவளும் சலிக்காமல் சொன்னாள்.

ஒரே ஒரு தடவை சித்தி பார்க்க வந்தாள். குட்டியின் முகத்தைத் தூக்கிப் பார்த்து, "ஐயோ, தங்கமாட்டம் இருந்தியேடி, கடைசில இவளாட்டம் ஆயிட்டியே" என்று ஒப்பாரி வைத்தாள். இவள் என்றால் நான். பக்கத்திலேயே வெந்நீர்ப் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தேன். அது அவள் பாதத்தில் கொட்டியது. கொதித்த தண்ணீர். அவள் அலறின அலறலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. குட்டி படுக்கையிலிருந்து எழுந்து வந்து, "என் கைதான் பட்டுது சித்தி, நான்தான் தட்டிவிட்டுட்டேன்" என்றாள். அவள் கட்டிலோ அறையின் அந்தக் கோடியில் இருந்தது.

மாப்பிள்ளை ஏன் வரவில்லை என்றும் கேட்டீர்கள். அவர் வரவில்லை என்று நான் முதலில் சொன்னேன், அதைத் திருத்திக்கொள்கிறேன். வந்தார். வாசலோடு அனுப்பினேன். வெளியாளிடமிருந்து காய்ச்சல் தொற்றினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். பாவம், பழப்பையை வாசலில் வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போவார். போனில் பேசட்டும் என்று விட்டிருந்தேன். நான் ஒன்றும் ராட்சசி இல்லை.

பிறகு மருந்து முடிந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா எழுந்து வந்து குட்டியைக் கட்டிக்கொண்டார். "சுத்தமா இருக்கு. மாத்திரை இனி வேண்டாம். இந்தக் கறுப்பெல்லாம் பாருங்க, வந்த வழியே போயிடும்." குட்டி வெளியே வந்து, "போகலன்னாதான் என்ன? எனக்குப் பழகிடுச்சு" என்றாள். என்னைச் சந்தோஷப்படுத்தச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாதா?

கொஞ்ச நாளில் அவள் கட்டைவிரல் நகத்தின் அடியில் ஒரு வெளுத்த கீற்றைப் பார்த்தேன். நகம் அடியிலிருந்துதான் வளரும், மேடம். புதிதாக வருகிற நகம் பழைய நிறத்தில் வருகிறது, கறுத்த பகுதியை முன்னால் தள்ளிக்கொண்டே போகிறது. கடைசியில் நகவெட்டியால் வெட்டிக் குப்பையில் போட்டுவிடலாம். அந்தக் கீற்றைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பழைய மருந்துச் சீட்டு என்னிடம் இருந்தது. தெருமுனை மருந்துக்கடையில் அதே மாத்திரையை வாங்கி, சத்து மாத்திரை டப்பாவில் கொட்டிவைத்தேன். வெளிர் ஆரஞ்சில் நீளமான மாத்திரை. குட்டி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது அது மாதிரியே இருக்கேக்கா?"

"கலர் ஒண்ணா இருந்தா ரெண்டும் ஒண்ணாயிடுமா? சத்து மாத்திரைடி. டாக்டர்தான் எழுதிக் குடுத்தாங்க."

இன்னும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "சரிக்கா" என்று வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். அவளுக்கு நிறம் பார்க்கத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே கிளிப்பச்சையையும் இலைப்பச்சையையும் ஒன்று என்பாள்.

இது விஷம் என்று உங்கள் டாக்டர் சொல்லியிருப்பார். நானும் யோசிக்காமல் இல்லை. ஆனால் அதே மாத்திரையை டாக்டரே கொடுத்தபோது அது மருந்துதானே? என் கை பட்டதும் விஷமாகிவிடுமா? காலையில் கொடுப்பேன், சாயங்காலம் கொடுப்பேன். முன்பு வந்த வாந்தியும் வயிற்றுப்போக்கும் இப்போது வரவில்லை. உடம்பு பழகிவிட்டது என்று நினைத்தேன். நகத்தின் வெளுப்பு மட்டும் வளர்ந்துகொண்டே போனது. அளவைக் கூட்டினேன். அப்போதும் வளர்ந்தது.

மொட்டைமாடியில் உட்கார வைத்தேன், உச்சி வெயிலில். எலும்புக்கு நல்லது என்று சொன்னேன். மாடிக்கதவை உள்பக்கம் தாழிட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்துகொள்வேன். முதலில் மெல்லத் தட்டுவாள். "அக்கா, போதும்க்கா, தலை சுத்துது." பிறகு பலமாகத் தட்டுவாள். பிறகு தட்டமாட்டாள். அப்போது திறந்து, கையைப் பிடித்துக் கீழே இறக்குவேன். ஒரு தடவை, "எனக்குத் தெரியும்க்கா நீ ஏன் இப்படிப் பண்றேன்னு" என்று ஆரம்பித்தாள். முடிக்க விடவில்லை. ஒரு அறை விட்டேன், படிக்கட்டுச் சுவரில் போய் மோதினாள், உதடு கிழிந்தது. நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும், சில சமயம் கண்டிப்பு வேண்டும். சாயங்காலம் மாப்பிள்ளை போன் செய்தபோது படியில் தடுக்கிவிட்டது என்று அவள் சொல்வது காதில் விழுந்தது.

அப்புறம்தான் திரை தைத்தேன். தொழிற்சாலையில் கழித்துப்போட்ட தடித்துணி, ஆழ்ந்த பழுப்பு, நல்ல கனம். அறை ஜன்னலுக்கு மேலிருந்து தரைவரைக்கும் அளவெடுத்து, கீழே அகலமாக ஓரம் மடித்து அடித்தேன். அந்த மடிப்பின் பக்கவாட்டு வாயை மட்டும் தைக்காமல் விட்டேன், சோம்பேறித்தனம்தான். டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு மஞ்சள் பல்பு மட்டும் வைத்தேன். அந்த வெளிச்சத்தில் இரண்டு கையையும் சேர்த்து வைத்தால் இன்னும் ஒன்றாகத்தான் இருந்தது. வெளிச்சத்தை மாற்றி ஒப்புதல் கொடுக்கிறவளை எங்கள் தொழிற்சாலையில் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அது தெரிந்துதான் செய்தேன். திரை மட்டும் நாளாக நாளாக நன்றாக நின்றது. புதிதில் காற்றுக்குப் படபடத்த துணி, பிறகு ஆடாமல் அசையாமல் தொங்கியது. கனத்த துணி இப்படித்தான் போகப் போகப் படியும் என்று என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். விடுமுறை நாள், நடுப்பகல். நான் கடைக்குப் போய்விட்டு வந்தேன். வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. கதவு காற்றுக்கு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்து வைப்போம். வெட்டுமேஜையில் துணி நகராமல் இருக்க மேலே வைக்கிற கட்டை, பழசானதும் தொழிற்சாலையிலிருந்து எடுத்துவந்தேன். ஒரு கையால் தூக்கலாம், ஆனால் மணிக்கட்டு இழுக்கும். அந்தக் கட்டை கதவடியில் இருந்தது. வாசற்படியில் குட்டி நின்றுகொண்டிருந்தாள், காலடியில் பெட்டி. அவள் மேல் முழு வெயில்.

"அவர் வண்டி எடுத்துட்டு வர்றார்க்கா. நான்தான் போன் பண்ணி வரச் சொன்னேன். கண்ணாடிக்கடைலயும் வரச் சொல்லிட்டாங்க." என் கையிலிருந்த பையை வாங்கி உள்ளே வைத்தாள். "நீ இங்க தனியா இருக்க வேணாம். நீயும் வா, எங்களோட இரு. நான் அவர்கிட்ட பேசிட்டேன், அவரும் கூட்டிட்டு வான்னுதான் சொல்றார். உன்னை ஒரு டாக்டர்கிட்ட காட்டணும்க்கா, சும்மா பேசத்தான். நான் கூடவே இருப்பேன்."

அவள் பேசும்போது என் கையைப் பிடித்திருந்தாள். கை கையின் மேல் இருந்தது, வெயிலில். கன்னத்தில் இன்னும் திட்டுத் திட்டாகக் கறுப்பு இருந்தது. ஆனால் புறங்கை வெளுத்துவிட்டிருந்தது. முழுதாக இல்லை, பாதி வழி வந்திருந்தது. எனக்கு அது போதும். நானும் அவளும் ஒரே லாட்டு இல்லை. ஒரு குருடனுக்கும் தெரிகிற வித்தியாசம்.

"என்னக்கா பாக்கற?" என்றாள். பிறகு, ஏதோ நினைவு வந்ததுபோல், "அந்தத் திரைய நீ கழட்டித் துவைக்காத. நான் வந்து துவைச்சுக்கறேன்" என்றாள்.

போகிற போக்கில் என் வீட்டுத் திரைக்கு உத்தரவு போடுகிறாள். அப்படித்தான் எனக்குப் பட்டது.

கதவை மூடத்தான் கட்டையை எடுத்தேன். வெயிலில் கண் கூசியது. இதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும். அவளை உள்ளே இழுத்துக் கதவை மூடித் தாழிட்டேன், வெளிச்சம் போனது, கட்டை கையில் இருந்தது. முதல் அடி அவள் கையில் விழுந்தது. என் கையைப் பிடித்திருந்த அந்தக் கையில்தான். விரல் முறிகிற சத்தம் கேட்டது. அவள் கத்தவில்லை. சுவரில் சாய்ந்து கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே சரிந்தாள். அந்த நேரம் கீழே வண்டி வந்து நின்றது, மாப்பிள்ளை படியேறுகிற செருப்புச் சத்தம் கேட்டது. அவள் அதைக் கேட்டாள். என்னை நிமிர்ந்து பார்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு, ரகசியம்போல் சொன்னாள்.

"படியில விழுந்துட்டேன்னு சொல்லிடறேன்க்கா. அதைக் கீழ வை."

அதற்குப் பிறகு முகத்தில் அடித்தேன். எத்தனை முறை என்று கேட்காதீர்கள், அறுத்துப் பார்த்த டாக்டர் எண்ணியிருப்பார். வாய், மூக்கு, கன்னம், நெற்றி, ஒரு இடம் விடவில்லை. கட்டை வழுக்க ஆரம்பித்ததும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ரத்தம் எல்லோருக்கும் ஒரே நிறம் என்பார்கள். அப்படி இல்லை, மேடம். என் கையில் தெறித்தது கறுத்துத் தெரிந்தது. அவள் மேல் இருந்தது பளிச்சென்று சிவப்பாகவே இருந்தது. மாப்பிள்ளை கதவை உடைத்துக்கொண்டு வந்தபோது மறுபடியும் வெயில் உள்ளே வந்துவிட்டது. ரத்தம் இறங்கின இடங்களில் அவள் வெளுத்துப் போயிருந்தாள், சின்ன வயதில் இருந்ததைவிட வெளுப்பாக. ஆம், நான்தான் கொன்றேன். மயக்கத்திலோ வெறியிலோ இல்லை. கடைசிவரைக்கும் நான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நீங்கள் அந்தப் பிளாஸ்டிக் பையை மேஜையில் வைத்த பிறகு இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. திரையின் கீழ் ஓரத்துக்குள் இருந்ததாகச் சொன்னீர்கள், நான் தைக்காமல் விட்ட பக்கவாட்டு வழியாக ஒவ்வொன்றாகத் தள்ளியிருக்கிறாள். வெளிர் ஆரஞ்சு மாத்திரைகள். சிலது நாக்கில் பட்டு ஊறி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. திரை தைப்பதற்கு முன் கொடுத்ததையும் எங்கோ ஒளித்துவைத்திருந்து இதில் சேர்த்திருக்கிறாள். நான் கொடுத்ததில் ஒன்றைக்கூட அவள் விழுங்கவில்லை. முதல் நாளே தெரிந்துகொண்டிருக்கிறாள். மாப்பிள்ளையிடம்கூட அதுவரை மூச்சு விடவில்லை என்கிறீர்கள். சொன்னால் அக்காவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், அவளுக்கு வேறு யாரும் இல்லை என்று கடைசி நாள் காலையில்தான் அவரிடம் போனில் சொன்னாளாம். தெரிந்துகொண்டே அத்தனை நாள் என் வீட்டில் இருந்தாள், காலையும் மாலையும் என் கையிலிருந்து மாத்திரையை வாங்கி, என் எதிரிலேயே தண்ணீர் குடித்தாள்.

அவளை எவ்வளவு நம்பியிருந்தேன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். என் வாக்குமூலத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். எங்கள் இரண்டு பேரில் ஏமாற்றியது அவள்தான்.